மோரிப் மணலுக்கு அடியில் சென்னைக்கு ஒரு வழி

கிள்ளானிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் தெற்கே இறங்கினால், தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டி பந்திங் வரும். பலருக்கு இது சிடேக் சகோதரர்களைத் தந்த பூப்பந்து ஊர். மற்றவர்களுக்கு மோரிப் கடற்கரைக்குப் போகும் வழியில் பசியாற நிற்கும் ஊர். எனக்கு அது சின்னம்மா ஊர். பட்டணத்தைத் தாண்டி உள்ளே, செம்பனைத் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட வீடு.

சின்னம்மாவின் மகள் சென்னையில் படிக்கிறாள். தினமும் இரவு எட்டு மணிக்கு வீடியோ அழைப்பு வரும். பாதிப் பேச்சில் முகம் உறைந்து நிற்கும், குரல் மட்டும் துண்டு துண்டாக வரும். பிறகு அதுவும் நின்றுவிடும். அன்றும் அப்படித்தான்.

"கடலுக்கு அந்தப் பக்கம்ல இருக்கா. அவ்ளோ தண்ணியத் தாண்டி வரணும், அதான் விட்டு விட்டுக் கேக்குது" என்றார் சின்னம்மா. மகள் தூரமாகப் போய்விட்டாள் என்ற வருத்தமும் அதில் இருந்தது. மறுநாள் காலை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு மோரிப்புக்குப் போனேன்.

மோரிப்பில் அலை குறைவு. தண்ணீர் வற்றினால் சேறும் மணலுமாக வெகுதூரம் தெரியும். 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் படை இங்கே கரையிறங்கியபோது வண்டிகள் இந்தச் சேற்றில்தான் சிக்கித் திணறின. இப்போது அந்தச் சேற்றுக்கு வேறொரு வேலை. சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்சேய் வரை செல்லும் ஸீ-மீ-வீ 6 என்ற கடலடிக் கேபிளுக்கு 2022இல் கட்டுமான ஒப்பந்தம் போட்டார்கள். நீளம் 19,000 கிலோமீட்டருக்கு மேல். அது கரைசேரும் இடங்களின் பட்டியலில் சென்னையும் இருக்கிறது, மோரிப்பும் இருக்கிறது.

பார்க்க ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய கேபிள் ஆழ்கடலில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவுக்குத்தான் தடிமன். உள்ளே தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். மலாக்கா நீரிணையைப் போல ஆழம் குறைந்த இடத்தில் கப்பல் நங்கூரம் பட்டு அறுந்துவிடாமல் இருக்க, இரும்புக் கவசம் போட்டு மண்ணுக்குள் புதைப்பார்கள். கரையில் ஒரு மூடியும், அதற்குள் தரைக் கேபிளோடு சேரும் இணைப்பும் இருக்கும். அவ்வளவுதான்.

"இதுக்குள்ளயா அவ பேசுறா?" என்று மணலைப் பார்த்துக் கேட்டார் சின்னம்மா.

இதில்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மலாக்கா வழியாகவோ பினாங்கு வழியாகவோ கூடப் போகலாம். வழியில் உள்ள ரவுட்டர்கள் அதை முடிவு செய்யும். ஆனால் வங்காள விரிகுடாவைக் கடப்பது கேபிளில்தான். இது புதிய பழக்கமும் இல்லை. 1870இலேயே மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடியில் தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள்.

மோரிப்புக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 2,600 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சுமத்ராவைச் சுற்றிப் போனாலும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். கடல் தடையே இல்லை.

பிறகு எங்கே தடை? திரும்பும் வழியில் பந்திங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்கு ஃபைபர் இணைப்பு உண்டு. கடை வைஃபையில் மகளை அழைத்தோம். ரொட்டி சானாய் ஆறும் வரை பேசினார்கள், ஒரு தடவைகூட அறுந்து போகவில்லை. பிறகு மதியக் கூட்டம் வந்தது. எல்லாரும் கைத்தொலைபேசியை எடுத்தார்கள், படம் தடுமாற ஆரம்பித்தது. வைஃபை அப்படித்தான். காற்று எல்லாருக்கும் பொது. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காதுகொடுத்துக் காத்திருந்து இடைவெளியில் நுழைய வேண்டும். கம்பியில் அந்தத் தள்ளுமுள்ளு இல்லை, போகவும் வரவும் தனித்தனிப் பாதை.

"சரி, முகம் நிக்கும்போதுகூட நான் அனுப்புற எழுத்து மட்டும் போயிடுதே, அது எப்படி?" சின்னம்மா விடுவதாக இல்லை.

நல்ல கேள்வி. பேச்சோ எழுத்தோ, எல்லாம் சிறு பொட்டலங்களாகத்தான் போகும். கடிதத்தை உறைக்குள், உறையை அஞ்சல் பைக்குள், பையைக் கப்பலில் வைப்பதுபோல அடுக்கடுக்காகக் கட்டுவார்கள். கப்பல்காரருக்குக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் அதே பொட்டலம் வீட்டிலிருந்து கோபுரம் வரை காற்றிலும், அங்கிருந்து கண்ணாடியிலும் மாறி மாறிப் போக முடிகிறது. நடுவில் ஓர் அடுக்கில் இருக்கும் விதிமுறைதான் வித்தியாசம். எழுத்துக்கு டிசிபி: ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘கிடைத்தது’ என்று பதில் வர வேண்டும், வராவிட்டால் மறுபடி அனுப்பும். தாமதமானாலும் முழுதாகச் சேரும். வீடியோ பேச்சுக்குப் பெரும்பாலும் யுடிபி: தொலைந்தது தொலைந்ததுதான். போன நொடியில் சிரித்த சிரிப்பைத் திரும்பக் கேட்டு வாங்கி என்ன செய்வது?

ஆக, பழுது வங்கக் கடலில் இல்லை. தோட்டத்து வீட்டுக்கும் கோபுரத்துக்கும் இடையில் உள்ள சில கிலோமீட்டரில் இருக்கிறது. ஈரம் நிறைந்த செம்பனை ஓலைகள் அலையை உறிஞ்சும், தகரக் கூரை திருப்பி அடிக்கும். ஃபைபர் கேட்டு விண்ணப்பித்தபோது, ‘உங்கள் பகுதியில் வசதி இல்லை’ என்று பதில் வந்ததாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலடியில் வரும் கண்ணாடி, மோரிப்பிலிருந்து அரைமணி நேர ஓட்டத்தில் இருக்கும் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். சின்னம்மாவுக்கோ நிம்மதி. மகள் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தெரிந்துவிட்டதே.

மீண்டும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அதுவரைக்கும், கைத்தொலைபேசியில் சிக்னல் கோடுகளைப் பார்த்தபடி வீட்டைச் சுற்றி நடந்து, வாசலில் மாமரத்துக்கு இப்பால், கோபுரம் இருக்கும் பக்கமாக ஒரு நாற்காலி போட்டேன்.

எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. முகம் தெளிவாகத் தெரிந்தது.

"ஏம்மா வெளிய உக்காந்திருக்க? கொசு கடிக்கல?"