தோபியாவின் மீன் எந்த வேதத்தில்?

சவளக்கடை
மார்கழி

அன்பு மருமகளுக்கு,

வட்ஸ்அப்பில் இரண்டு வரியில் கேட்டுவிட்டாய். பதில் இரண்டு வரிக்குள் அடங்காது. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது, கல்முனைப் பக்கம் போக வழியில்லை. ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன்.

டொரொன்டோவில் உன் கதவைத் தட்டிய இரண்டு பொடியன்கள் மோர்மன் புத்தகத்தைத் தந்து, இதுவும் வேதம்தான் என்றார்களாம். 1830இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட புத்தகம் அது. அப்படிப் புதிதாக ஒன்றை வேதத்தோடு சேர்க்க ஏலுமா என்று கேட்கிறாய்.

முதலில் நம்முடைய வீட்டுக் கதை. உன் அம்மம்மா கத்தோலிக்கம், அம்மப்பா மெதடிஸ்த. அம்மா மீன் வெட்டும்போது பித்தப்பையை உடையாமல் விரலால் கிள்ளி எடுத்து எனக்குக் காட்டுவா. "இதைப் பூசித்தான் தோபியா தகப்பன்ட கண்ணைத் திறந்தவன்" என்பா. ஞாயிறு பாடசாலையில் நான் அதைப் பெருமையாகச் சொல்ல, அப்படி ஒரு கதை வேதத்திலேயே இல்லை என்றுவிட்டார் வாத்தியார். வந்து அழுதேன். அப்பா தன்னுடைய வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தார். இல்லைதான். அவருடைய வேதத்தில் 66 புத்தகம், அம்மாவின் திருச்சபைக் கணக்கில் 73. ஒரே கூரைக்குக் கீழே ஏழு புத்தகம் வித்தியாசம்.

இதில் ஒரு பகிடி உண்டு, அப்பாவுக்கு அது கடைசிவரை தெரியாது. அந்த ஏழில் ஒன்றான, மீன் கதை வரும் தோபித்து நூலைத் தமிழில் அச்சடித்தவர்களே புரட்டஸ்தாந்தர்தான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1719இல் இறக்கும்போது பழைய ஏற்பாடு ரூத் வரைதான் தமிழாகியிருந்தது. மிச்சத்தை முடித்த சூல்ட்சே, 1728இல் தள்ளுபடி ஆகமங்கள் என்று சொல்லப்படும் அந்த நூல்களையும் சேர்த்தே அச்சேற்றினார். வேதத்துக்குச் சமமில்லை, ஆனால் வாசிக்க நல்லது என்பது லூத்தர் வழி. பிறகு 1826இல் லண்டன் வேதாகமச் சங்கம் அவற்றுக்குக் காசு செலவழிப்பதில்லை என்று தீர்மானித்தது. ஆக, அந்த ஏழு புத்தகத்தையும் வீட்டுக்கு வெளியே நிறுத்தியதில் காசுக் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு. 1995இல் இரு சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில், 'இணைத் திருமுறை' என்ற பெயரோடு இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் அவை வந்து குந்திக்கொண்டன.

ஆனால் உன் கேள்விக்குச் சரியான சம்பவம் கேரளத்தில் நடந்தது. அங்கே தோமா கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காக வாசித்து வந்தது சிரியாக் மொழி வேதம். அதன் புதிய ஏற்பாட்டில் 22 புத்தகம்தான். பேதுருவின் இரண்டாம் கடிதம், யோவானின் இரண்டாம், மூன்றாம் கடிதங்கள், யூதா, வெளிப்படுத்தல் ஐந்தும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் இல்லை. அவர்களுக்கு அது குறையாகவும் படவில்லை. 1599 ஆனி மாதம் கோவாப் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, இல்லாதவற்றையெல்லாம் சேர்க்கும்படி கட்டளையிட்டார். பிழையென்று கண்ட சிரியாக் ஏடுகளுக்கு நெருப்பு.

கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்ற எச்சரிக்கை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், வெளிப்படுத்தலின் கடைசிப் பக்கத்தில். அந்த வெளிப்படுத்தலையே அங்கே கூட்டித்தான் வைத்தார்கள், மகள்! அந்த வசனம் எழுதப்பட்ட காலத்தில் ஒரே கட்டாக வேதாகமம் என்று ஒன்று இருக்கவுமில்லை. அது அந்த ஒரு சுருளைப் பற்றிய பேச்சு.

இன்றைய 27 புத்தகத்தையும் அப்படியே எண்ணிச் சொன்ன மிகப் பழைய பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் உயிர்ப்புத் திருநாளுக்காக எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அவர் புதிதாக எதையும் படைக்கவில்லை. கோயில்களில் ஏற்கனவே வாசித்து வந்ததைத்தான் வரிசைப்படுத்தினார். அதே நூற்றாண்டின் சினாய்ப் பிரதியில் 'எர்மாவின் மேய்ப்பர்' என்ற நூலும் கூடவே கட்டப்பட்டிருக்கிறது. காலப்போக்கில் சபைகள் அதைக் கைவிட்டன. 1945இல் எகிப்தில் தோமாவின் பெயரால் ஒரு முழு நற்செய்தியே கிடைத்தது. சென்னையில் தோமாவுக்கு மலையே இருந்தும், அதைப் பீடத்தில் வைத்து வாசிக்க எந்தச் சபையும் கேட்கவில்லை.

என் எண்ணம் இதுதான். கத்தோலிக்கத் திருச்சபை 1546இல் திரெந்துச் சங்கத்தில் பட்டியலை முடித்தது. இனிப் புதிய பொது வெளிப்பாடு இல்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொல்லிவிட்டது. புரட்டஸ்தாந்தருக்கோ, எல்லோர் சார்பிலும் கையெழுத்துப் போட ஒரு ஆளில்லை. எத்தியோப்பியச் சபையார் தங்கள் வேதத்தில் 81 புத்தகம் என்று எண்ணுகிறார்கள். யார் கூடி, யார் ஒப்ப, எதைச் சேர்ப்பது? லவோதிக்கேயாவிலிருந்து வரும் கடிதத்தையும் வாசியுங்கள் என்று கொலோசெயருக்குப் பவுல் எழுதினாரே, அந்தக் கடிதம் நாளைக்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால்கூட நூதனசாலைக்குத்தான் போகும், கோயிலுக்குள் வராது.

நம்முடைய பக்கத்து வயல் காக்காவிடம் இதைச் சொன்னேன். "எங்கட குர்ஆன்ல 114 சூறா, உலகம் முழுக்க ஒரே எண்ணிக்கை. உங்கட ஆக்கள் இன்னும் எண்ணி முடியல்லயா?" என்று சிரித்தார். பிறகு, அந்த மீன் கதையை முழுக்கச் சொல்லு என்று வரம்பில் குந்திவிட்டார். சொன்னேன்.

அந்தப் பொடியன்கள் தந்த புத்தகத்தை எறிந்துவிடாதே. வரும்போது கொண்டு வா, காக்காவும் பார்க்க வேணுமாம்.

அன்புடன்,
மாமா