மூக்கு உடைந்த மரப்பாச்சியும் அண்டர்டேக்கரும்

அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருக்கும் அந்த வீட்டில், வாசல் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே வரிசையாக 12 மல்யுத்த வீரர் பொம்மைகள். மேல் தட்டின் நடுவில், கறுப்புத் தொப்பியும் நீளக் கோட்டுமாக அண்டர்டேக்கர் நிற்கிறார். 1990-ல் அறிமுகமாகி 2020-ல் விடைபெற்ற அதே அண்டர்டேக்கர்தான்.

எல்லாம் அப்பா வாங்கியவை. ஏழு வயது மகனுக்கு அந்த அலமாரி விஷயத்தில் ஒரே ஒரு சட்டம்தான்: பார்க்கலாம், தொடக் கூடாது.

நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு, அப்பா மளிகை சாமான் வாங்கப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் அந்தச் சட்டம் மீறப்பட்டது. அவர் திரும்பி வந்தபோது அண்டர்டேக்கர் தரைவிரிப்பில் குப்புறக் கிடந்தார். கோட்டு ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. வலது கை, மணிக்கட்டோடு காணோம்.

அப்பா கத்திவிட்டார். இருபது டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, இப்போது கடையில் கிடைக்காது, சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று வரிசையாக. பையன் அழவில்லை. உடைந்த கையை உள்ளங்கையில் வைத்து நீட்டியபடி ஒன்றே ஒன்று சொன்னான்.

"அவரால முட்டி போட முடியலைப்பா. கோட்டு தடுக்குது. முட்டி போடலைன்னா டூம்ஸ்டோன் எப்படிப் பண்றது?"

அண்டர்டேக்கர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, இரண்டு கைகளாலும் இடுப்பைக் கட்டிப் பிடித்து, அப்படியே முழங்காலில் இறங்குவதுதான் டூம்ஸ்டோன். அதைச் செய்யாத அண்டர்டேக்கர், தொப்பி போட்ட ஓர் உயரமான மனிதர், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அந்த நேரத்தில் நியாயம் எதுவும் புரியவில்லை. உடைந்த கையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, கொலுப்படி கட்ட அட்டைப்பெட்டிகளை அடுக்கியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை முழுவதும் பையன் விளையாடவில்லை. தன்னுடைய பழைய பொம்மைகளைக்கூட எடுக்கவில்லை. சோபாவின் ஓரத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதையாவது தொட்டால் உடைந்துவிடுமோ என்று பயந்தவன் மாதிரி.

அப்பா இந்தப் பொம்மைகளைச் சேர்ப்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கும்பகோணத்தில் கேபிள் டி.வி. வந்த புதிது அவருடைய பால்யம். பள்ளிக்கூடமே டபிள்யூ.டபிள்யூ.எஃப். பைத்தியமாக இருந்தது. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று பையன்கள் சத்தியம் செய்தார்கள். 1994 சம்மர்ஸ்லாமில் இரண்டு அண்டர்டேக்கர்கள் மோதியபோது, எது அசல், எது போலி என்று வாரக்கணக்கில் வகுப்பில் வாதம் நடந்தது. கையில் இருந்ததெல்லாம் ட்ரம்ப் கார்டு மட்டும்தான். ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று எண்களாக இருந்த வீரர்கள். பொம்மை என்ற ஒன்று அமெரிக்காவில் விற்கிறது என்பதே அவருக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த அமெரிக்கப் பொம்மைகளின் வரலாறே அப்பாவுக்கும் மகனுக்கும் நடந்த சண்டையின் வரலாறுதான். அசல் ஆள் மாதிரி இருக்க வேண்டுமா, ஆட வசதியாக இருக்க வேண்டுமா?

1984-ல் எல்.ஜே.என். நிறுவனம் கொண்டுவந்தவை கெட்டியான ரப்பர் பொம்மைகள். சுமார் 8 அங்குல உயரம். கை, கால், கழுத்து எதுவும் அசையாது. ஆனால், எவ்வளவு மோதினாலும் உடையாது. மூக்கிலும் முழங்கையிலும் பெயின்ட்தான் உரியும்.

1990-ல் ஹாஸ்ப்ரோ வந்தது. நாலரை அங்குலத்துக்குச் சிறிய பிளாஸ்டிக் பொம்மைகள். முகம் கார்ட்டூன் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே ஸ்பிரிங் இருக்கும். இழுத்து விட்டால் கை வீசும், அழுத்தி விட்டால் துள்ளிக் குதிக்கும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வித்தை. 1994 வரை இவைதான் கொடிகட்டிப் பறந்தன.

90-களின் பிற்பாதியில் ஜாக்ஸ் பசிஃபிக் நிறுவனம் மூட்டை மடக்கினால் எலும்பு முறிவதுபோல 'கடக் கடக்' என்று சத்தம் வரும் பொம்மைகளைச் செய்தது. பிறகு வீரர்களின் முகத்தையே ஸ்கேன் செய்து பொம்மையில் கொண்டுவந்தது. 2010-லிருந்து மேட்டல். அதன் எலைட் வரிசையில் மூட்டுகள் ஏராளம். இப்போது கண், புருவம், தாடி எல்லாம் டிஜிட்டலாக அச்சாகின்றன. போட்டோ எடுத்தால் அசல் ஆளோ என்று ஒரு நொடி தடுமாறும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ராணுவ வீரர் பொம்மை என்றால் மூட்டைச் சீருடையின் மடிப்பில் மறைத்துவிடலாம். மல்யுத்த வீரருக்குப் பாதி உடம்பு வெறும் உடம்பு. தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் வெட்டு விழுந்தால் அப்படியே தெரியும். மூட்டைக் குறைத்தால் சிலை மாதிரி அழகாக நிற்கும், ஆனால் மடங்காது. மூட்டைக் கூட்டினால் நன்றாக மடங்கும், ரோபோ மாதிரித் தெரியும். மணிக்கட்டு நிஜம்போல மெல்லியதாக இருந்தால், உள்ளே இருக்கும் முளையும் மெல்லியதாகிவிடும். குழந்தை ஒரு முறை வேகமாகத் திருப்பினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. சூப்பர் ஹீரோ பொம்மை தனியாக நின்றாலே கம்பீரம். மல்யுத்த பொம்மைக்கு இன்னொரு பொம்மை வேண்டும். அதைப் பிடிக்க வேண்டும், தூக்க வேண்டும், அதோடு சேர்ந்து விழ வேண்டும். தனியாக அலமாரியில் நிற்கும் மல்யுத்த வீரருக்கு வேலையே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 2017-ல் மேட்டலே 'ரெட்ரோ' என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. பழைய ஹாஸ்ப்ரோ பாணி: சின்ன உருவம், கார்ட்டூன் முகம், ஸ்பிரிங் வித்தை. முகத்தை அச்சு அசலாகக் கொண்டுவரத் தெரிந்த கம்பெனியே, அசல்போல இல்லாத பொம்மையைத் திரும்பச் செய்தது. அந்த அப்பாவின் அலமாரியிலும் அப்படி இரண்டு பொம்மைகள் இருக்கின்றன.

மறுநாள் காலை பாட்டி கொலுப்படிக்கு வெள்ளை வேட்டி விரித்தார். ஊரிலிருந்து புடவை மடிப்பில் சுற்றிக் கொண்டுவந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். செட்டியார், தசாவதாரம், தஞ்சாவூர்த் தலையாட்டி. கடைசியாக ஒரு மரப்பாச்சி ஜோடி. மகனைக் கூப்பிட்டு, ஆண் மரப்பாச்சியைக் கையில் கொடுத்தார்.

"மூக்கைப் பாரு. இது யார் வேலைன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் தடவிப் பார்த்தார். மூக்கு இருந்த இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"ஏதோ கைமாத்துல உடைஞ்சிருக்கும்மா."

"கைமாத்தா? நாலாம் கிளாஸ் படிக்கறப்போ இதைத்தான் அண்டர்டேக்கருன்னு சொல்லிண்டு திரிஞ்சே. பொம்மனாட்டி பொம்மை யாரோ ஒரு குண்டன். என்னவோ பேர் சொல்லுவியே..."

"யோகோசுனா," என்றார் அவர், தன்னையறியாமல்.

"அவன்தான். அவனைச் செருப்பு டப்பாக்குள்ள போட்டு மூடி, சவப்பெட்டின்னே. நவராத்திரி நாளும் அதுவுமா! அன்னிக்குத்தான் இவன் மாடிப்படில உருண்டு மூக்கு போச்சு. எங்கம்மா எனக்குக் கொடுத்த பொம்மைடா அது."

"நீ அடிச்சியாம்மா?"

"அடிக்கத்தான் வந்தேன். நீ மூக்குத் துண்டைக் கையில வெச்சிண்டு நின்னே. அழக்கூட இல்லை. நேத்து அவன் நின்னானே, அப்படியே. சரி, மூக்கு இல்லாட்டியும் கொலுவுல நிக்கும்னு எடுத்து வெச்சுட்டேன். இத்தனை வருஷமா முதல் படியில நிக்கறது."

அவர் மரப்பாச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் என்று இரண்டு கீறல்கள், வாய் என்று ஒரு கோடு. கை உடம்போடு ஒட்டியிருக்கிறது. ஒரு மூட்டுகூடக் கிடையாது. தொப்பி இல்லை, கோட்டு இல்லை. அந்த மரக்கட்டை ஒரு வருடம் முழுக்க அண்டர்டேக்கராக இருந்திருக்கிறது. ஒரு நாள்கூட அவருக்கு அது வேறு யாராகவும் தெரிந்ததில்லை.

அவர் ஆசைப்பட்ட நிஜம் ஒரு போட்டோவின் நிஜம். பையன் ஆசைப்பட்டது ஓர் ஆட்டத்தின் நிஜம். நாலாம் வகுப்பில் அவரும் அந்தக் கட்சிதான். எப்போது கட்சி மாறினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

அலமாரியைத் திறந்தார். அண்டர்டேக்கரின் கோட்டைக் கழற்றினார். தொப்பியையும் எடுத்தார். சட்டைப் பையில் இருந்த வலது கையைப் பொருத்திப் பார்த்தார். முளை உடைந்திருந்தது, நிற்கவில்லை.

சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்த மகனிடம் போனார்.

"ஒத்தைக் கையோட டூம்ஸ்டோன் பண்ண முடியுமாடா?"

பையன் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு பொம்மையை வாங்கி, முழங்கால்களை மடக்கிப் பார்த்தான். கோட்டு இல்லாததால் இரண்டு காலும் அழகாக மடங்கின.

"ரெண்டு கைக்கும் நடுவுல வெச்சு இறுக்கினா நிக்கும்ப்பா. ஆனா நீங்க இன்னொருத்தரைப் பிடிச்சுக்கணும்."

அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அலமாரியிலிருந்து இன்னும் நாலு பேர் இறங்கி வந்தார்கள்.

கொலு என்றால் கீழே பார்க் கட்டுவது வழக்கம். அந்த வருடம் அந்த வீட்டுக் கொலுவில் பார்க்குக்குப் பதிலாக, நாலு பென்சிலும் ரப்பர் பேண்டும் வைத்துக் கட்டிய ஒரு மல்யுத்த மேடை. சுண்டல் வாங்க வந்த குழந்தைகள் சாமியைக் கும்பிட்டுவிட்டு நேராக அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பது நாள் முடிவதற்குள் இன்னொரு பொம்மைக்குக் கணுக்கால் போயிற்று. யாரும் கத்தவில்லை.

விஜயதசமி அன்று இரவு பொம்மைகளைப் படுக்க வைத்தபோது, ஒற்றைக் கை அண்டர்டேக்கரைப் பையன் மூக்கு உடைந்த மரப்பாச்சிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தான். மறுநாள் பாட்டி கொலுவை எடுத்து வைக்கும்போது, இரண்டையும் ஒரே பழம்புடவைத் துணியில் சுற்றினார். அடுத்த வருடம் எடுக்கச் சௌகரியமாக இருக்கும் என்று.