உட்கார ஒரு இடம்

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை எந்த வருஷம் வாங்கினீர்கள்? 2018-க்கு அப்புறம் என்றால் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஜோக்குகளுக்குப் போய்விடலாம். அதற்கு முன்னால் என்றால் கொஞ்சம் இருங்கள். உங்கள் பெட்டிக்கு சபையில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அதற்கான ஆதரவு முடிந்தது 2025 அக்டோபர் 14. எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்து 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்றது. விண்டோஸ் 7, 2009-ல் வந்து 2020 ஜனவரியில் கிளம்பியது. சர்க்கார் உத்தியோகம் மாதிரி இதிலும் ஒரு ரிடையர்மென்ட் தேதி உண்டு. ரிடையர் ஆன மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஓடும். ஆனால் புதிதாக ஒரு ஓட்டையைத் திருடன் கண்டுபிடித்தால் அதை அடைக்க ஆள் வர மாட்டார்கள். 2026 அக்டோபர் வரை ஒரு வருஷம் தவணை கொடுத்து, அதற்கும் சில நிபந்தனைகள் வைத்தார்கள்.

'சரி, 11-க்கு மாறிவிட்டால் போச்சு' என்கிறீர்களா? அங்கேதான் ஜாதகம் கேட்கிறார்கள். நாலு ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம்... இதெல்லாம் எல்லோரிடமும் இருக்கும். டி.பி.எம். 2.0 வேண்டும் என்பதுதான் சிக்கல். ரகசியச் சாவிகளைத் தனியாகப் பூட்டி வைக்கிற ஒரு சின்ன ஏற்பாடு அது. பிராசஸரும் அவர்கள் லிஸ்டில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை, அதாவது 2017 கடைசியில் வந்தது அல்லது அதற்குப் பிந்தியது. 2016-ல் வாங்கி, துணி போட்டு மூடி, வெள்ளிக்கிழமை குங்குமம் வைத்து வளர்த்த பெட்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி, லிஸ்டில் பெயர் இல்லாவிட்டால் பந்தியில் இலை கிடையாது.

குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸுக்கு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் உட்பட, காசில்லாமல் தமிழ் பேசும் சிஸ்டங்கள் உண்டு. பழைய பெட்டிக்கு அவை நல்ல மருந்து. ஆனால் நான் சொல்ல வந்தது பெட்டியைப் பற்றி இல்லை. பெட்டியைக் காசு கொடுத்தால் கடையில் வாங்கலாம். பெட்டிக்குள் இருப்பதை?

*

திருமலைராயன்பட்டினம் தெரியுமல்லவா? நாகூரிலிருந்து காரைக்கால் போகும் வழியில் இருக்கிறது. 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி. இப்போது புதுச்சேரி யூனியன் பிரதேசம். மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிற கடற்கரை இந்த ஊருடையதுதான்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை (அல்லது சிறுமை) காளமேகம். அரசன் திருமலைராயன் சபைக்குக் காளமேகப் புலவர் வருகிறார். அங்கே அதிமதுர கவி தலைமையில் 64 புலவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வந்தவருக்கு உட்கார யாரும் இடம் தரவில்லை. காளமேகம் சரஸ்வதியைப் பாட, அரசனின் சிங்காதனமே நீண்டு அவருக்கு இடம் கொடுத்ததாம். அப்புறம் யமகண்டம் பாடி ஜெயித்தும் மரியாதை கிடைக்காததால், ஊரில் மண்மாரி பொழியட்டும் என்று சாபம் விட்டுப் போய்விட்டார் என்பது கதை. தோண்டுகிற இடத்தில் மணல் கொஞ்சம் அதிகமாக வந்தால் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் காளமேகத்தை இழுப்பார்கள். கடற்கரை ஊரில் மணல் வராமல் தங்கமா வரும் என்று கேட்டால் முறைப்பார்கள்.

எங்கள் பெரியப்பா இந்த ஊரில் தமிழாசிரியராக இருந்து ரிடையர் ஆனவர். 2001-ல் விண்டோஸ் 98 போட்ட ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதோடு ஒரு தமிழ் சாப்ட்வேர் சி.டி. அதை ஓட்ட 'டாங்கிள்' என்று ஒரு பூட்டு; பிரிண்டர் ஒயர் சொருகும் பின்பக்கத் துளையில் அதைச் சொருகினால்தான் தமிழ் வரும். விற்ற கடையும் இப்போது இல்லை, தயாரித்தவர்களும் இல்லை.

மனுஷர் அதில் கதையா எழுதினார்? இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டதை எல்லாம் டைப் அடித்தார். பட்டினச்சேரி மீனவர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சொல்கிற பெயர்கள். கொண்டல், வாடை, கச்சான் நமக்கும் தெரியும். அதற்கு நடுவே திசைக்குத் திசை, நேரத்துக்கு நேரம் அவர்களுக்கு வேறு பெயர்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா' தாத்தாக்களின் நினைவுகள். எந்தச் சந்தில் யார் வீடு, எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று ஒரு கணக்கு. இருநூறு சொச்சம் பைல்கள்.

2004 டிசம்பர் 26-ம் தேதி காலையில் கடல் உள்ளே வந்தது. பட்டினச்சேரியில் பெரியப்பா எழுதி வைத்திருந்த சந்துகள் சில, சொன்னவர்கள் சிலர், இரண்டும் போயின. அதற்கப்புறம் அந்த பைல்கள் வெறும் பொழுதுபோக்கு இல்லை.

*

போன வருஷம் அக்டோபர் கெடு வந்தபோது துபாயில் இருக்கும் அண்ணன் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தான். காரைக்காலில் இன்ஜினீயரிங் படிக்கும் பேரன், எல்லா பைலையும் பென் டிரைவில் எடுத்துப் புதுசில் போட்டான். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பைலைத் திறந்தார்.

தமிழே இல்லை. ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள், நடுநடுவே பவுண்டு குறி.

"என்னடா தம்பி இது, பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்துட்டானா?" என்றார்.

"பைலு கெட்டுப்போகல தாத்தா, பாண்ட்தான் இல்ல" என்றான் பேரன்.

பேரன் சொன்னது சரி. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சீட் நம்பர். பழைய முறையில் மொத்தம் 256 சீட்டுகள்தான். முதல் பாதியில் ஆங்கிலம் உட்கார்ந்துவிட்டது. மறு பாதியில் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள். தமிழுக்கு இடம் இல்லை. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? அடுத்தவன் சீட்டில் தமிழ் முகமூடி போட்டு உட்கார வைத்தார்கள். உதாரணமாக, 'பாமினி' எழுத்துருவில் திரையில் 'அ' என்று தெரிவது உள்ளே ஆங்கிலச் சின்ன 'எம்', எண் 109. எழுத்துரு இருக்கும் வரை அ. எழுத்துருவை எடுத்துவிட்டால் முகமூடி கழன்று எம்.

இதில் வேடிக்கை, ஒவ்வொருவரும் ஒவ்வொரு சீட் பிடித்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரம் முடிவாயின. உலகத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி தனி. இவை போகக் கம்பெனிக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று. அந்த நாளில் ஒவ்வொரு பத்திரிகையின் இணையதளத்தைப் படிக்கவும் தனித்தனி எழுத்துரு இறக்கிய புண்ணியவான்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

யூனிகோட் வந்துதான் தமிழுக்குச் சொந்த இருக்கை கிடைத்தது. 1991-ல் அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. தமிழுக்கு ஒதுக்கியது 128 இடங்கள். 'அ' 2949-ம் எண், 'க' 2965. உலகத்தில் வேறு யாரும் அங்கே உட்கார முடியாது. 247 எழுத்துக்கு 128 இடம்தானா என்று சண்டை நடந்தது. தனித்தனியாக எல்லா எழுத்துக்கும் இடம் வேண்டும் என்றவர்கள் டேஸ் 16 என்று ஒரு முறை வகுத்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸையும் தரமாக ஏற்றது. ஆனால் சாமானியர் கையில் ஜெயித்தது யூனிகோட்தான். உங்கள் செல்போனில் வரும் வாழ்த்துச் செய்தி முழுக்க அதுதான்.

பெரியப்பாவின் பைல்கள் இதற்கெல்லாம் முந்திய முகமூடி. சரி, அந்த எழுத்துரு எங்கே போச்சு? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சிஸ்டம் மாற்றும்போது 'மை டாகுமென்ட்ஸ்', போட்டோ, பாட்டு எல்லாம் எடுத்துக்கொள்கிறோம். எழுத்துரு அங்கே இருப்பதில்லை. விண்டோஸ் போல்டருக்கு உள்ளே தனி அறையில் இருக்கிறது. பார்மட் அடித்தால் முதலில் போவது அதுதான்.

*

2001 பெட்டி பரணில் இருந்தது. கரண்ட் கொடுத்தால் மின்விசிறி சுற்றியது, திரை வரவில்லை. கடற்காற்றில் இருபது வருஷம், கேட்க வேண்டுமா? ராமின் கால்களை ரப்பர் வைத்துத் தேய்த்துப் பார்த்தோம். ஊஹூம். மதர்போர்டில் பச்சைக்களிம்பு.

ஆனால் ஹார்ட் டிஸ்க் தனி உயிர். அந்தக் காலத்து அகலப் பட்டை ஒயர் டிஸ்க். அதை யு.எஸ்.பி.யில் மாட்ட ஒரு அடாப்டர் உண்டு. சில நூறு ரூபாய்தான். பேரன் வரவழைத்து மாட்டினான். டிஸ்க் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தது. அப்புறம் திறந்தது. எழுத்துரு அறைக்குள் போனால் அந்த பாண்ட் உட்கார்ந்திருந்தது.

பழைய சாப்ட்வேர் ஓடவில்லை. 16-பிட் காலத்து நிரல்கள் 64-பிட் விண்டோஸில் ஓடாது. டாங்கிளைச் சொருகப் புதுப் பெட்டியில் துளையும் கிடையாது. ஆனால் படிக்க எழுத்துரு ஒன்றே போதும். அதை நிறுவியதும் கொம்பு முளைத்த எழுத்தெல்லாம் தமிழாகிவிட்டது. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு பைலாகத் திறந்து, பேர் மட்டும் படித்துப் பார்த்து மூடினார்.

வேலை அதோடு முடியவில்லை. முகமூடித் தமிழில் தேட முடியாது, இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பிரபலமான எழுத்துருக்களுக்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. பெரியப்பாவின் எழுத்துரு எந்தப் பட்டியலிலும் இல்லை. தாத்தாவும் பேரனும் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தாங்களே பட்டியல் போட்டார்கள். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து, இந்த எண்ணுக்கு இந்தக் கொம்பு.

கொம்பில்தான் வம்பு. பழைய முறையில் 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் முதலில் க, அதன் பின்னால் ஒகரக் குறி. காதுக்குக் கேட்கிற வரிசை. அப்படியே மாற்றினால் கொம்பு எல்லாம் முந்தின எழுத்தின் தலையில் போய் உட்காரும். கொண்டலும் கெண்டையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. போதாததற்கு நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகின. பேரன் நிரலைத் திருத்த, தாத்தா பிழை திருத்த, ஒருவழியாக ஒப்பேறியது.

பன்னிரண்டு பைல் தேறவில்லை. பிளாப்பியில் மட்டும் இருந்தவை, காந்தத்தட்டில் பூஞ்சை. அதில் ஒன்று பட்டினச்சேரியில் ஒரு பாட்டி சொன்ன காற்றுப் பெயர்கள். பாட்டி சுனாமியில் போய்விட்டார். ஏழெட்டுப் பெயர் பெரியப்பாவுக்கு மனப்பாடம். உடனே எழுதி வைத்துக்கொண்டார். மீதியைச் சொல்ல இப்போது ஆள் இல்லை.

*

ஆகவே, நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். அப்பா, மாமனார், தாத்தா யாராவது 2000-ஐ ஒட்டித் தமிழில் டைப் அடித்து வைத்திருந்தால் அதைத் திறந்து பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கவலையில்லை. எண் சரியாக இருக்கிறது, எழுத்துருதான் இல்லை. ஆங்கிலமும் ஐரோப்பாவும் கலந்து தெரிந்தால் அது முகமூடித் தமிழ். எழுத்துருவைத் தேடி எடுத்து அதே போல்டரில் பக்கத்திலேயே வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றி, அலங்காரம் இல்லாத சாதாரண டெக்ஸ்ட் பைலாக ஒரு பிரதி. முக்கியமானதைக் காகிதத்தில் ஒரு பிரிண்ட். காகிதத்துக்கு ஆதரவு முடியும் தேதி கிடையாது.

பெரியவர் இருக்கும்போதே செய்யுங்கள். எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று சொல்ல அவர்தான் வேண்டும்.

அதுவரை பரணில் இருக்கும் அந்தப் பழைய பெட்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள்.