அந்தப் படத்தை அனுப்பு, தம்பி

ஸ்ரீ விஜயபுரம்
(பழக்கதோஷத்தில் போர்ட் பிளேர் என்றே எழுதப் போனேன். 2024-இல் பெயரை மாற்றிவிட்டார்களே!)

அன்புத் தம்பிக்கு,

போனில் நலமா என்று கேட்டால் "இருக்கேன்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனைக் காணோம். பதிமூன்று வயது. மார்க் குறைந்ததற்கு அப்பா கை ஓங்கியிருக்கிறார். டியூஷனுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் அம்மாவோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். "ஃபிரண்டு வீட்டில் இருப்பான், காலையில் வாங்க" என்றார் ஒருவர். உன் அக்காவைத்தான் தெரியுமே! பிள்ளையைக் காணோம் என்று வந்தால் உடனே எஃப்.ஐ.ஆர். போடணும், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு தேடணும் என்று சுப்ரீம் கோர்ட் 2013-லேயே சொல்லியாச்சே என்றேன். அதற்குப் பிறகு மளமளவென்று வேலை நடந்தது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொன்னோம். படத்தையும் அடையாளத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போகும் என்றார்கள். நான்கு மாதம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஹேடோ துறைமுகத்துப் பக்கம் பையன் அகப்பட்டான். சென்னைக் கப்பலில் ஏற வழி பார்த்துக்கொண்டிருந்தானாம். ரயில் இல்லாத ஊரில் பிறந்தது அவன் அம்மா செய்த புண்ணியம்.

போலீஸ்காரர் படம் கேட்டபோது அவள் போனில் நாற்பது படம் காட்டினாள், தம்பி. எனக்கு நம் தங்கச்சி பாப்பா ஞாபகம் வந்துவிட்டது. 2005 ஜனவரியில் சுனாமி முகாமில் பெயர் எழுத வந்தவர்களிடம், என் கையில் மிஞ்சியிருந்த ஒரே படத்தைக் கொடுத்தேன். திரும்பி வரவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரைக் குறை சொல்ல?

இலங்கை மலையகத்துத் தேயிலையை விட்டு ரப்பர் பால் வெட்டக் கச்சால் தீவுக்கு வந்த அப்பா, "இனி நம்மை யாரும் கிளப்ப முடியாது" என்பாரே. கடல் கிளப்பிவிட்டது. நீ ஹாஸ்டலில் இருந்தாய். அது உன் குற்றமில்லை என்று எத்தனை தடவை சொல்வது?

பாப்பா இறந்துவிட்டதாக நான் போட்ட கையெழுத்தால் வந்த சண்டையைப் பற்றியும் இன்று பேசிவிடுகிறேன். காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு வருஷம் ஆக வேண்டும் என்பது சட்டம். சுனாமிக்காக அதைத் தளர்த்தினார்கள். தளர்த்தாவிட்டால் தகரக் கொட்டகையில் கிடந்த குடும்பங்களுக்கு உதவித்தொகை வந்திருக்காது. தீவுகளில் செத்தவர்களும் காணாதவர்களுமாக மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல். நம் கச்சாலில்தான் அதிகம். நீயோ இலங்கைக் கல்முனையில் ஒரு கைக்குழந்தையை டிஎன்ஏ பார்த்துப் பெற்றவர்களிடம் கொடுத்த பேப்பர் செய்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தாய். "பதினொரு வயசுப் பிள்ளையைப் பேனாவால் கொன்னுட்டே" என்றாய். அம்மாவுக்கு மருந்து வாங்கக் காசில்லாமல் போட்ட கையெழுத்தடா அது. தேடுவதை நான் விட்டேனா? முப்பது வயசுப் பெண் யாராவது கப்பலிலிருந்து இறங்கினால் இன்றைக்கும் இடது புருவத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது, கண் அது பாட்டுக்குத் தேடுகிறது.

உன் மகளுக்கும் இப்போது பதினொன்று. கடற்கரைப் பக்கமே விடமாட்டேன் என்கிறாயாம். உன் மனைவி அழுதாள். உன் பயத்தைப் பிள்ளை தலையில் ஏற்றாதே. உங்கள் இருவர் போன் நம்பரையும் 1098-ஐயும் மனப்பாடம் செய்ய வை. மார்க் குறைந்தால் கை ஓங்காதே. எந்தத் தப்பு செய்தாலும் வீட்டுக்கு வரலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. பள்ளி விளையாட்டு விழாவில் எடுத்த குரூப் போட்டோ உன் பெட்டியில் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். இரண்டாம் வரிசையில் வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பாப்பா நிற்பாளே. அதைப் போனில் எடுத்து அனுப்பு. கண் மூடியிருந்தால் என்ன, நமக்கா அடையாளம் தெரியாது?

அன்புடன்,
அக்கா