நேரம் குறித்தவன் நான்தான்

2024-25 ஆங்கிலப் பிரீமியர் லீக் பருவத்துக்கு நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து நடத்திய ஃபேன்டசி லீக்கில் முதலாவதாக வந்தவன் நான். எப்படியடா என்று கேட்டவர்களிடம், "ஆளெடுக்கத் தெரியவேணும்" என்று பெரிய கெட்டிக்காரன் மாதிரிப் பதில் சொன்னேன். அது பொய். ஆளெடுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் எங்களுக்குள் இருந்தான். என் மாமி மகன்தான். அவனை வெல்ல எனக்குத் திறமை போதவில்லை, ஆகவே வேறு வழி பார்த்தேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிரீமியர் லீக்கில் உண்மையாக ஆடுகிறவர்களை வைத்து நாம் கற்பனையில் ஓர் அணி அமைக்கிறோம். அவர் அங்கே கோல் அடித்தால் இங்கே நமக்குப் புள்ளி. முன்களத்தவர் அடித்தால் 4, நடுக்களத்தவர் அடித்தால் 5, பின்களத்தவர் அடித்தால் 6. கோலுக்குப் பந்து கொடுத்தவருக்கு 3. உலகம் முழுக்கப் பெரும்பாலானவர்கள் ஆடுவது 100 மில்லியன் பவுண்ட் கற்பனைப் பணத்தில் ஆள் வாங்கும் வகை. அதில் ஒரே வீரரை எத்தனை பேரும் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் ஆடியது டிராஃப்ட். அதில் ஒரு வீரர் ஒருவருக்கு மட்டுமே. அப்போது லிவர்பூலில் ஆடிய சலாவை நான் எடுத்துவிட்டால் மற்ற ஏழு பேருக்கும் சலா கிடையாது. ஆளுக்குப் பதினைந்து பேர்: 2 கோல்காப்பாளர், 5 பின்களம், 5 நடுக்களம், 3 முன்களம். எடுக்கும் வரிசை பாம்பு வளைவது போல் திரும்பி வரும். முதலாவது எடுத்தவருக்கு அடுத்த முறை 16ஆவது, உடனே 17ஆவது. எடுக்கும்போது பணம் கிடையாது, பேரம் கிடையாது. வரிசையும் மூளையும் மட்டும்தான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் கச்சான் காற்றுக் காலத்தில் கைட் சர்ஃபிங் ஆட வந்த ஒரு வெள்ளைக்காரர். வைகாசி முதல் ஐப்பசி வரை இலங்கையின் கற்பிட்டிப் பக்கம் காற்று ஓயாது. அந்த மாதங்களில் நான் உச்சமுனைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் படகு வேலையும், அவர்கள் தங்கும் இடத்தில் எடுபிடி வேலையும் பார்ப்பேன். அங்கே வைஃபை உண்டு. இந்த வைஃபையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், களவு முழுக்க அதில்தான் இருக்கிறது.

லீக்கை 2023 ஓகஸ்டில் தொடங்கினோம். அந்த வருடம் ஜனவரியில் ஃபிஃபா எங்கள் நாட்டுக் கால்பந்துச் சம்மேளனத்தை இடைநிறுத்தியிருந்தது, தடை நீங்கியது ஓகஸ்ட் கடைசியில். சொந்த நாட்டு அணிக்கே ஆட வழியில்லாத காலம் அது. இங்கிலாந்துக்காரனின் பந்தையாவது பார்ப்போம் என்று தொடங்கியதுதான். ஆறு பேர் ஊரில், ஒருவர் லண்டனில், ஒருவர் டோஹாவில். காசு வைக்கக்கூடாது, அது சூது என்று எங்களில் மூத்த நானா கறாராகச் சொல்லிவிட்டார். கடைசியாக வருகிறவர் ஊரில் உள்ளவர்களுக்கு ஒரு சகன், அதாவது ஒரே பெரிய தட்டில், சோறு போடவேண்டும், அவ்வளவுதான். ஒரு சகனைச் சுற்றி ஆறு பேர் உட்காரலாம், எங்களுக்குக் கணக்கும் சரியாக வந்தது. (சோறு வைத்தால் மட்டும் சூது இல்லையா என்று நான் கேட்டேன். நானா பதில் சொல்லவில்லை.)

அந்த முதல் வருடம் அந்த மாமி மகன், என் மச்சான், எங்களை அடித்து நொறுக்கிவிட்டான். கோல் பாமர் அந்த செப்டெம்பர் முதலாம் திகதிதான் செல்சிக்கு வந்தார். எங்கள் எட்டு அணியிலும் இல்லை, சும்மா கிடந்தார். மச்சான் கற்பிட்டி டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடை டிவியில் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து அவரை எடுத்துக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு, "பெனால்டிய அவன்தான் அடிக்கிறான் மச்சான்" என்றான். அவ்வளவே. பாமர் அந்தப் பருவத்தில் 22 கோல் அடித்து, முழு ஃபேன்டசி ஆட்டத்திலும் அதிகப் புள்ளி எடுத்தவராக முடித்தார். நான் யூடியூபில் இரவிரவாக ஆய்வு பார்த்தவன். நண்டு வலைக்காரன் ஒருவன் ஒரே ஆட்டம் பார்த்து என்னைக் கவிழ்த்தது என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பொறாமை என்று அப்போது சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன்.

டிராஃப்டின் தந்திரம் எனக்குத் தெரியாது என்றில்லை. நல்ல ஆள் யார் என்று பார்ப்பது பாதிதான். அவரை விட்டால் மிஞ்சுகிறவர் யார் என்று பார்ப்பது மறுபாதி. எட்டுப் பேர் லீக்கில் 16 கோல்காப்பாளர் போதும், கிளப்போ இருபது. ஆகவே கோல்காப்பாளரைக் கடைசிச் சுற்றில் எடுத்தாலும் ஒன்றும் குறையாது. முன்களத்தவர் அப்படியில்லை. எட்டுப் பேருக்கு 24 பேர் வேண்டும், ஆனால் பெரும்பாலான கிளப்புகள் ஒரே ஒரு முன்களத்தவரை நிறுத்தி ஆடுகின்றன. ஒழுங்காகக் களமிறங்குகிற முன்களத்தவர் 24 பேரே தேறமாட்டார்கள். சலா மாதிரி முன்களத்தில் ஓடிக்கொண்டு, ஃபேன்டசி செயலியில் நடுக்களத்தவர் என்று பதிவாகியிருப்பவர் ஒரு தனி வரம்: அவர் கோலுக்கு 4 அல்ல 5, எதிரணி கோல் அடிக்காவிட்டால் மேலும் ஒன்று.

இந்தக் கணக்கில் சறுக்குவது புதுக்கதையும் அல்ல. ஃபேன்டசி ஆட்டத்தின் மூதாதைகளில் ஒன்று அமெரிக்கக் கால்பந்தில் இருக்கிறது. 1962இல் ஓக்லாந்து அணியோடு தொடர்புள்ள பில் விங்கன்பாக் என்பவரும் கூட்டாளிகளும் விதிகளை எழுதி, 1963இல் எட்டு அணிகளோடு ஆளெடுப்பை நடத்தினார்கள். முதல் தெரிவாகப் போனவர் ஜார்ஜ் பிளாண்டா. ஜிம் பிரவுன் கையெட்டும் தூரத்தில் இருந்தார், அந்தப் பருவத்தில் பந்தோடு 1,863 யார்ட் ஓடினார். ஆனால் அந்த எட்டு அணிக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில், ஒரே தகவலோடு சறுக்கினார்கள். எங்கள் லீக்கில் அந்த மேசையை நான் ஆட்டிவிட்டேன்.

லீக்கின் நிர்வாகி நான். டிராஃப்ட் எந்த நாள், எத்தனை மணி, ஒரு தெரிவுக்கு எத்தனை வினாடி என்று குறிப்பது நிர்வாகியின் கை. எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சும்மா இருக்கிற பின்னேரம் அது, 2023இல் அப்போதுதான் வைத்தோம். 2024இல் பருவம் தொடங்கியது ஓகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. நான் டிராஃப்டைக் குறித்தது 14ஆம் திகதி புதன், பின்னேரம் ஐந்து மணி. ஏன் என்று குழுவில் கேட்டார்கள். "லண்டன் மச்சானுக்கு அப்போ பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம்" என்று எழுதினேன். லண்டன் மச்சான் அப்படி எதுவும் கேட்கவில்லை.

புதன் பின்னேரம் ஐந்து மணிக்கு மாமி மகன் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும். கச்சான் அடிக்கும் மாதங்களில் வெளிக்கடல் குழம்பிக் கிடக்கும், தொழில் களப்புக்குள்தான். பின்னேரம் நண்டு வலை விடப் போவான், விடிய எடுப்பான். அந்த இடத்தில் போனில் ஒரு கோடு வரும், மறையும். வள்ளத்தில் நின்றுகொண்டு, ஒரு கையில் வலை, மறு கையில் போன், வினாடி எண்ணும் ஒரு திரையில் 120 தெரிவு நடக்கிறதைப் பார்க்க முடியாது. வராதவருக்குச் செயலியே பட்டியலில் மேலே இருப்பவரை எடுத்துவிடும். முன்கூட்டியே தனக்குப் பிடித்தவர்களை வரிசைப்படுத்தி வைக்கவும் வழியுண்டு. அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. மறந்ததாக அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை.

குலுக்கலில் முதல் தெரிவு எனக்கு வந்தது. மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்டை எடுத்தேன். இரண்டாவது இடம் மச்சானுடையது, ஆள் இல்லை. வினாடிகள் ஓடி முடிய, பட்டியலில் மேலே இருந்த சலாவை இயந்திரம் அவனுக்கு எடுத்துக் கொடுத்தது. இயந்திரத்துக்கு நடுநிலைமை அதிகம். பிறகு கடைசிச் சுற்றுகளில் ஒன்றில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கிறிஸ் வூடும் அதே மாதிரி அவனுக்குப் போனார்.

இதோடு விட்டிருந்தால் ஒரு சின்னக் கள்ளத்தனம் என்று போயிருக்கும். செப்டெம்பரில் செய்தது அப்படியல்ல.

அந்த மாதம் ஹாலண்ட் உச்சத்தில் நின்றார், முதல் ஐந்து ஆட்டத்தில் பத்துக் கோல். என்னிடம் அதே சிட்டியின் கெவின் டி ப்ருய்னும் இருந்தார். 18ஆம் திகதி இன்டர் மிலானோடு ஆடும்போது டி ப்ருய்னுக்குக் காயம், இடைவேளையோடு வெளியேறினார். 22ஆம் திகதி ஆர்சனல் ஆட்டத்தில் சிட்டியின் நடுக்களத்தவர் ரோட்ரியின் முழங்கால் போனது. ரோட்ரி இல்லாத சிட்டி தடுமாறும் என்று நான் பார்த்த எல்லா ஆய்வுகளும் சொல்லின. எனக்கு வைஃபை இருந்தது, எல்லாவற்றையும் அன்றன்றே படித்தேன். மச்சானுக்குக் கரைக்கு வந்தால் மீன், ஐஸ், எண்ணெய்க் கணக்கு. செய்தி படிக்க நேரமும் இல்லை, டேட்டாவும் இல்லை.

ஓர் இரவில், ஆள் மாற்றிக்கொள்ளலாமா என்று அவனுக்குப் போன் எடுத்தேன். ஹாலண்டும் டி ப்ருய்னும் உனக்கு, சலாவும் வூடும் எனக்கு என்றேன். அவனுக்கே சந்தேகம் வந்தது, இவ்வளவு தாராளமா என்று. நான் சொன்னேன்: "சலாட காண்ட்ராக்ட் முடியுது மச்சான், அவன்ட மனசு லிவர்பூல்ல இல்ல." பாதி உண்மை. இது தன் கடைசி வருடம் என்று சலா செப்டெம்பர் முதலாம் திகதி மான்செஸ்டரில் ஆட்டம் முடிந்ததும் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஆனால் அந்த ஆட்டத்தில் அவர் ஆடிய விதத்தை நான் பார்த்தேன், மனம் எங்கேயும் போகவில்லை. டி ப்ருய்ன் காயத்தைப் பற்றி ஒரு சொல் வாயில் வரவில்லை. "உனக்குச் சரியெண்டா எனக்கும் சரி" என்றான். சிக்னல் வரும் இடத்துக்கு நடந்து போய், நான் சொன்ன பொத்தானை அமத்தினான். பரிமாற்றத்தை அங்கீகரிப்பதும் நிர்வாகியின் வேலையாக வைத்திருந்தோம். அங்கீகரித்தேன்.

விலை ஏறியிருக்கும்போது விற்பது, இறங்கியிருக்கும்போது வாங்குவது தந்திரம்தானே என்று யாராவது எனக்காக வாதாடலாம். ஹாலண்டை மட்டும் கொடுத்திருந்தால் அந்த வாதத்தை நானும் எடுத்திருப்பேன். படுத்துக் கிடக்கிறவரை ஓடுகிறவராக விற்றதற்கு எந்த வாதமும் இல்லை. மாட்டுத் தரகன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்க விடுவான்.

பிறகு நடந்தது பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். நவம்பரிலும் டிசம்பரிலும் சிட்டி அடுக்கடுக்காகத் தோற்றது. ஹாலண்ட் பருவம் முழுக்க 22 கோலோடு நின்றார். சலா 29 கோல், 18 கோலுக்குப் பந்து, 344 புள்ளி. ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் அதுவரை யாரும் எடுக்காத புள்ளி அது. முந்தைய 303உம் அவருடையதுதான், 2017-18இல் எடுத்தது. மனசு இல்லை என்று நான் சொன்ன மனிதர் ஏப்ரலில் லிவர்பூலோடு இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். இடம் நிரப்ப வாங்கிய வூட்கூட 20 கோல் அடித்தார். நான் முதலாவது. டிராஃப்டுக்கே வராமல் கிடைத்த அணியோடு, என் கழிவையும் சுமந்துகொண்டு, மச்சான் எட்டாவது.

ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி அவன் வீட்டில் சகன். ஆட்டிறைச்சி, கத்தரிக்காய் மோஜு, அன்னாசி, வட்டலப்பம். அந்த வாரம் அவனுக்குத் தொழில் சரியில்லை என்று மாமி சமையலறையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. சகனில் எனக்கு நேரே உட்கார்ந்தவன் அவன். நல்ல இறைச்சித் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளி, "சாம்பியன் தின்னட்டும்" என்றான். தின்றேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நன்றாகவே இறங்கியது. மறுசோறும் வாங்கினேன். இதை எழுத வைத்தது அந்த மறுசோறுதான்.

இதை வெளியிடும் முன் அவனிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டி ப்ருய்ன் கதை வந்தபோது மட்டும் வலையிலிருந்து தலையை நிமிர்த்தினான். "காயமெண்டு நீ சொல்லியிருந்தாலும் ஹாலண்டுக்காக மாத்தியிருப்பன்" என்றான். என்னைத் தேற்றச் சொன்னானா, உண்மையாகச் சொன்னானா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சகனுக்கு ஆன செலவைக் கொடுத்தேன், வாங்க மறுத்தான். மாமியிடம் கொடுத்தேன், அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

லீக்கில் உள்ள மற்ற ஆறு பேருக்கும்: 2024-25 முதலிடத்தை என் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள், இரண்டாவதாக வந்த டோஹா நானாவுக்குக் கொடுங்கள். நிர்வாகிப் பொறுப்பை மாமி மகனுக்கு மாற்றிவிட்டேன். இனி டிராஃப்ட் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, எல்லோரும் கரையில் இருக்கிற நேரத்தில். யார் கடைசியாக வந்தாலும் அடுத்த சகன் என் செலவு.