பூஜை அறைக்கு எந்தப் படம்?

புதுவீடு குடிபுகும் குடும்பங்களில் பூஜை அறையை ஒழுங்குசெய்யும்போது ஒரு மௌனமான வழக்கு எழுவதுண்டு. பாட்டி காலத்து லட்சுமி படத்தின் ஓரங்களை ஈரம் அரித்திருக்கும். கண்ணாடியும் விரிசல் கண்டிருக்கும். "இதைக் கோயில் அரசமரத்தடியில் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே அம்மா" என்பார் மகன். நாற்பது ஆண்டுகள் அப்படத்துக்குக் குங்குமமிட்ட தாயார் பதில் பேசமாட்டார்.

விரிசல் கண்டது கண்ணாடிதான், படம் அன்று. இதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். செல்வர் மாளிகைகளில் இருந்த தெய்வ ஓவியங்கள் அதன்பின் எளியோர் இல்லங்களுக்கும் வந்துசேர்ந்தன. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லைப் பயன்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட படங்கள் அவை. செட்டிநாட்டு வீடுகளில் அவற்றின்மீது ஜரிகையும் சம்கியும் ஒட்டிப் பட்டாடை உடுத்தி மகிழ்ந்தனர். பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த திருவுருவங்கள் நாட்காட்டிகளில் அச்சாகி ஊரெங்கும் பரவின. இத்தகைய படம் வீட்டில் இருக்குமானால், அரசமரத்தடிக்கு அனுப்புமுன் நல்ல பிரேம் கடைக்காரரிடம் காட்டுவது நலம். புதுக் கண்ணாடியும் புதுப் பின்னட்டையும் போதுமானதாக இருக்கலாம்.

புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால் நிதானம் தேவை. தஞ்சாவூர் ஓவியம் என்று கடையில் காட்டப்படுவது சில வேளைகளில் வெறும் அச்சுப்படமாக இருக்கும். உண்மையான ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பசையால் மேடுகள் எழுப்பி, தங்கத்தாள் பதித்திருப்பர். பக்கவாட்டிலிருந்து நோக்கினால் அந்த மேடு தெரியும். நகையை உரசிப் பார்த்து வாங்குவோர் இங்கு மட்டும் ஏனோ கேட்ட விலையைக் கொடுத்துவிடுகின்றனர்!

அச்சுப்படமே போதும் என்பதில் குறைவொன்றும் இல்லை. கணினி அச்சாயின் நிறமி மையா, சாய மையா என்று கேட்டறியலாம். சாய மை வெளிச்சத்தில் விரைவாக வெளுக்கும். முதியோர் கண்களுக்குப் பளபளப்புத் தாள் ஏற்றதன்று. விளக்கேற்றியதும் சுடரின் பிரதிபலிப்பு இறைவன் திருமுகத்தை மறைத்துவிடும். மேட் பூச்சுத் தாளில் அந்தத் தொல்லை குறைவு. வாங்குமுன் சிறு விளக்கின் ஒளியில், தரையில் அமர்ந்து பார்க்கும் உயரத்திலிருந்து நோக்குவது நல்லது.

பழைய படத்தின் பின்னட்டையைக் கழற்றும்போது மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். சில வீடுகளில் அங்கேதான் பிள்ளைகள் பிறந்த நாளும் நட்சத்திரமும் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கும்.