ஐம்பதுக்கு நூறு

கிடெங்கேலாவுக்குக் குடிவந்த முதல் ராத்திரி மொட்டைமாடிக்குப் போனேன். மேற்கே இருட்டில் சில விளக்குகள் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தன. யார் வீட்டிலோ கல்யாணம், சீரியல் செட் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் வாட்ச்மேன் பெரியவரிடம் கேட்டேன். "சிம்பா" என்றார். சிங்கம்.

ஆட்டுப்பட்டியைச் சுற்றி மாறிமாறி மின்னும் விளக்குகளைக் கட்டினால், யாரோ டார்ச்சோடு நடமாடுவதாக நினைத்து சிங்கம் கிட்டே வராதாம். ரிச்சர்ட் டுரேரே என்ற மாசாய்ப் பையன் பதினோரு வயதில் கண்டுபிடித்த வித்தை இது. பழைய கார் பேட்டரி, உடைந்த டார்ச், மோட்டார்சைக்கிள் இன்டிகேட்டர் பெட்டி மாதிரியான சாமான்கள்தான். 2013இல் டெட் மேடையில் ஏறி அவனே இதை விளக்கினான். அவன் வளர்ந்ததும் இந்தப் பக்கம்தான்.

கிடெங்கேலா, நைரோபிக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டரில், தான்சானியா எல்லைக்குப் போகும் நமங்கா சாலையில் இருக்கிறது. 2009 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 58 ஆயிரம் சொச்சம். 2019இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. பக்கத்திலேயே ஆதி ரிவர் ஏற்றுமதி மண்டலம். அமெரிக்காவுக்கு வரியில்லாமல் துணி அனுப்ப வழிசெய்த அகோவா சட்டம் 2000இல் வந்த பிறகு அங்கே தையல் ஆலைகள் பெருகின. ஆலைகளோடு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சூப்பர்வைசர்கள் வந்தார்கள். திருப்பூரில் பத்து வருஷம் செக்கிங்கில் இருந்த நானும் அப்படி வந்தவன்தான். நைரோபி வாடகை கட்டுப்படியாகாத எல்லோருக்கும் கிடெங்கேலாதான் கதி. போர்வெல்லில் உப்புத்தண்ணி. நல்ல தண்ணி லாரியில் வரும். திருப்பூரைவிட்டு வந்த மாதிரியே இல்லை.

என் லைனில் ஓர் அம்மா இருந்தார். கென்யாவில் பிள்ளை பெற்ற பெண்ணை மூத்த பிள்ளையின் பெயரோடு 'மாமா' சேர்த்துக் கூப்பிடுவார்கள். மாமா என்றால் அம்மா. நான் சுருக்கமாக மாமா என்றே கூப்பிடுவேன். போனில் கேட்டுவிட்டு என் தங்கச்சி, "யாருண்ணா அது, அங்க போயும் ஒரு மாமா?" என்று சிரித்தாள்.

மாமா மேற்குக் கென்யாவிலிருந்து வந்தவர். மூன்று பிள்ளைகளோடு ஒற்றைத் தகர அறையில் ஒன்பது வருஷம். தையல் லைன் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து 'சாமா' போட்டார்கள். நம்ம ஊர் சீட்டுதான், ஏலம் கிடையாது. முறை வருகிறவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம். தன் முறை வந்ததும் மாமா மனை வாங்கினார். ஐம்பதுக்கு நூறு அடி, நம் கணக்கில் பதினொன்றரை சென்ட். வேலி போடக் காசில்லாமல் என்னிடம் கேட்டார்.

"வேலி போடலேன்னா அதே மனையை இன்னொருத்தனுக்கு வித்துருவாங்க, பாஸ்."

பொய்யில்லை. ஊர் முழுக்கச் சுவர்களில் 'இந்த நிலம் விற்பனைக்கு அல்ல' என்று பெயின்டில் எழுதிவைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மனையைப் பார்க்கப் போனோம். சுற்றிலும் புல்வெளி. மாமாவின் பதினொன்றரை சென்ட்டுக்குள் நான்கு வரிக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எனக்குப் புல்லரித்தது. புரோக்கர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கம்பி போட்டா போயிரும்" என்றார்.

எங்கே போகும் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. 1946இல் அமைந்த நைரோபி தேசியப் பூங்கா வெறும் 117 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கம் வேலி. தெற்குப் பக்கம் மட்டும் திறந்தே இருக்கிறது. மழைக்காலத்தில் வைல்ட்பீஸ்ட்டும் வரிக்குதிரையும் அந்த வழியாக வெளியேறி, ஆதி சமவெளியின் குட்டைப்புல்லில் மேய்ந்து, கோடையில் தண்ணீருக்காகப் பூங்காவுக்குத் திரும்பும். சமவெளி அன்றைக்கு மாசாய்களின் கூட்டுமேய்ச்சல் நிலம். 1980களின் இறுதியில் அதைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பட்டா கொடுத்தார்கள். பட்டா வந்ததும் விற்கவும் முடிந்தது. 1970களில் இந்தச் சமவெளியில் 25 ஆயிரத்துக்கு மேலிருந்த வைல்ட்பீஸ்ட்கள் இப்போது சில ஆயிரங்கள்தான்.

யாரும் தடுக்க முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. வேலி போடாமல், விற்காமல், விலங்குகளை மேயவிடும் குடும்பங்களுக்கு ஏக்கருக்கு வருஷம் 300 ஷில்லிங் கொடுக்கும் திட்டம் 2000இல் தொடங்கியது. பள்ளிக்கட்டணம் கட்டும் நேரம் பார்த்துப் பணம் வரும்படி தவணை பிரித்தார்கள். நல்ல யோசனை. ஆனால் ஓர் ஏக்கரில் எட்டு மனை பிரித்து விற்கும் ஊரில் 300 ஷில்லிங் எத்தனை நாளைக்குத் தாங்கும்? 2012 ஜூனில் ஆடுகளைக் கொன்ற ஆறு சிங்கங்களை ஊர்க்காரர்கள் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அந்தப் பக்கமும் நியாயம் இருந்தது. ஆடுதான் அவர்களுக்குச் சொத்து.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே நான் பணம் கொடுத்துவிட்டேன். தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். திருப்பூரில் அம்மா இரண்டு சென்ட் வாங்கி முள்கம்பி போட்ட அன்று, கல்காலைப் பிடித்துக்கொண்டு அழுதது ஞாபகம் வரும். வாடகை வீட்டில் குழாயடிக்குக்கூட அனுமதி கேட்டு நின்றவள் அவள். மாமாவும் கம்பி கட்டிய அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வேலி தப்பு என்று அவரிடம் என்னால் சொல்ல முடியாது. வாடகை குறைவு என்று இதே ஊரில் தங்கி, மாலையில் மொட்டைமாடியில் காற்று வாங்கும் நான் சொல்லவே முடியாது.

நான்கு வருஷம் கழித்து வீடு கட்டி முடித்தார். புதுவீட்டு விருந்துக்குப் போனேன். பின்பக்கம் சுகுமா கீரைப் பாத்தி. சுற்றிலும் வேலிகள். பாதிக்கு மேல் மனைகளில் வீடே இல்லை, கம்பியும் போர்டும் மட்டும். மாமா கடைசித் தவணையைக் கையில் திணித்து, "உங்க கம்பி இன்னும் துருப்பிடிக்கல" என்றார் சந்தோஷமாக. கம்பியின் ஒரு முள்ளில் கருப்பும் வெள்ளையுமாகக் கொஞ்சம் முடி சிக்கியிருந்தது. நான் அதைக் காட்டவில்லை.

அன்று ராத்திரி மொட்டைமாடிக்குப் போனேன். மேற்கே நிறைய விளக்குகள். எதுவும் மின்னவில்லை. எல்லாம் அசையாமல் எரிந்தன. கீழே வந்து பெரியவரிடம், "ம்ஸே, இப்பல்லாம் சிங்கம் வர்றதில்லையா?" என்று கேட்டேன்.

"வரும்" என்றார். "பட்டிதான் இல்ல. ஆடு வளர்த்தவங்க நிலத்தை வித்துட்டுத் தெற்க போயிட்டாங்க."